மாதிரிக் கதை கொடுத்தால் பிள்ளைகள் அதையே எழுதிவிடுகிறார்களே, என்ன செய்வது?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். ராமநாதபுரம் கடற்கரையில், தேவிபட்டினம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 5-ம் வகுப்பு எடுக்கிறீர்கள். கதை எழுதச் சொன்னால் பிள்ளைகள் நாலு வரியோடு நோட்டை மூடிவிடுகிறார்கள். சரி என்று மாதிரிக்கு ஒரு கதையைக் கொடுத்தால், பெயரை மட்டும் மாற்றி அதையே எழுதிக் கொண்டுவருகிறார்கள். மாதிரி கொடுப்பதே கற்பனையைக் கெடுத்துவிடுமோ, கொடுத்தால் அதை எப்போது நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாமா, கூடாதா என்று நீங்கள் கேட்டாலும், உங்களுக்கு வேண்டியது அதற்கு அடுத்த விஷயம் என்று படுகிறது: கொடுத்த மாதிரியிலிருந்து பிள்ளை எதை எடுத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவது?

கொடுங்கள், தயங்கவே வேண்டாம். ஆனால் ‘இதைப் போல எழுது’ என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். எதைப் போல என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கதையில் அதன் கண்ணுக்குத் தெரிவது ஆள் பெயரும் நடந்த சம்பவமும்தான். அதனால் அதை எடுத்துக்கொள்கிறது. உங்கள் பிள்ளைகள் சோம்பேறித்தனத்தால் அப்படிச் செய்யவில்லை. நீங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள். மாதிரியில் எழுதியவர் செய்திருக்கிற வேலை ஒன்றைப் பிரித்துக் காட்டி, ‘இந்த வேலையை மட்டும் எடுத்துக்கொள், மற்றதெல்லாம் உன்னுடையது’ என்று சொல்லும்போது பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி, மாதிரியை எந்த நேரத்தில் கையிலிருந்து வாங்கிவிட வேண்டும் என்பதில் இருக்கிறது.

இந்த முறைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்துப் பயிற்சி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து ஸ்டீவ் கிரஹாமும் டோலரஸ் பெரினும் 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 4 முதல் 12-ம் வகுப்பு வரையிலான மாணவர்களைப் பற்றியது அது. மாதிரிகளைப் படித்துப் பின்பற்றி எழுதுவதால் எழுத்தின் தரம் கூடுகிறது என்றுதான் அதில் வந்திருக்கிறது, ஆனால் அந்த விளைவு சிறியது: 0.25. இந்தக் கணக்கில் 0.2 என்பது சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது. அதே அறிக்கையில் இரண்டு வாக்கியங்களைச் சேர்த்து எழுதும் பயிற்சிக்கு 0.50, எழுதும் முன்பு தெளிவான இலக்கு கொடுப்பதற்கு 0.70, பிள்ளைகள் சேர்ந்து எழுதுவதற்கு 0.75, திட்டமிடவும் திருத்தவும் வழிமுறையைக் கற்றுக்கொடுப்பதற்கு 0.82. ஆக, மாதிரியைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் கொஞ்சம்தான் கிடைக்கும். மாதிரியோடு இலக்கும், சேர்ந்து எழுதுவதும், திருத்தும் வழியும் கூட வர வேண்டும். தமிழில், நம் ஊர் வகுப்பறையில் எடுத்த எண்கள் அல்ல இவை. எந்தத் திசையில் போகலாம் என்று காட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

முறையும் புதிதல்ல. ஆஸ்திரேலியாவில் சிட்னியை மையமாக வைத்து 1980-களில் வளர்ந்த எழுத்துக் கல்வி மூன்று படியாகப் போகும்: மாதிரியைப் பிரித்துப் பார்ப்பது, ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து ஒன்று எழுதுவது, பிறகு தனியாக எழுதுவது. இங்கிலாந்தில் பை கார்பெட் என்ற கல்வியாளர் பரப்பிய முறையில் இதற்கு முன்னால் ஒரு படி வரும். மாதிரியை வாயால் சொல்லிச் சொல்லி மனத்தில் ஏற்றிக்கொள்வது அது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த முதல் படி மிகவும் பொருந்தும். அப்பத்தாவிடம் கேட்ட கதையை அச்சுப் பிசகாமல் சொல்லிவிடுவார்கள். அதே கதையைத் தாளில் எழுதச் சொன்னால்தான் கை நின்றுவிடுகிறது.

இனி மாதிரியைத் தேர்ந்தெடுப்பது. முழுக்கதை வேண்டாம். 60 முதல் 100 சொல்லுக்குள் ஒரு துண்டு போதும். சத்தமாக வாசித்தால் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். தெரியாத சொல் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரு துண்டில் ஒரே ஒரு உத்தியைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் ஆள் செய்வதைச் சொல்லிக் காட்டுவது ஓர் உத்தி. பேச்சை வைத்து ஆளைக் காட்டுவது இன்னொன்று. ஒரே இடத்தை இரண்டு வேளைகளில் காட்டுவது, ஒரு சின்னப் பொருளிலிருந்து கதையைத் தொடங்குவது, நீதி சொல்லாமல் முடிப்பது, இவையும் உண்டு. பருவத்துக்கு இரண்டு என்று வைத்தால் வருடத்துக்கு ஆறு. அதற்கு மேல் போக வேண்டியதில்லை.

முதல் உத்திக்கு ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். வேண்டுமானால் இதையே வகுப்பில் பயன்படுத்துங்கள்.

“பஸ் இன்னும் வரவில்லை. முத்து நண்டுக் கூடையைக் கீழே வைத்தான். உடனே தூக்கி நிழலில் வைத்தான். உள்ளே நண்டுகள் கரகரவென்று ஓலையைப் பிறாண்டின. மேலே கிடந்த ஈரச் சாக்கை எடுத்துப் பிழிந்து பார்த்தான். ஒரு சொட்டுத்தான் விழுந்தது. ‘மணி என்னண்ணே?’ என்று டீக்கடைக்காரரிடம் கேட்டான். ‘இப்பத்தானடா கேட்டுட்டுப் போன’ என்றார் அவர். முத்து ரோட்டோரம் போய், கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தான். தூரத்தில் வெள்ளையாக ஏதோ வந்தது. கூடையைத் தூக்கித் தலையில் வைத்தான். வந்தது தண்ணீர் லாரி. முத்து கூடையை இறக்கவில்லை. தலையில் வைத்தபடியே நின்றான்.”

14 வாக்கியம். ‘முத்துவுக்குக் கவலையாக இருந்தது’ என்று எங்கேயும் இல்லை. ஆனால் நண்டு செத்துவிடுமோ என்று பையன் தவிக்கிறான் என்பது எந்தப் பிள்ளைக்கும் புரியும். எங்கே புரிந்தது என்று கேளுங்கள். கூடையை வைத்து எடுத்ததைச் சொல்வார்கள், சாக்கைப் பிழிந்ததைச் சொல்வார்கள். மணியைத் திரும்பத் திரும்பக் கேட்டதைச் சொல்ல ஒரு பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், காத்திருங்கள். அவர்கள் சொல்லச் சொல்லப் பலகையில் ஆறு அடியாகக் குறித்துக்கொள்ளலாம்: ஒன்று இன்னும் வரவில்லை, கை சும்மா இருக்காமல் எதையோ செய்கிறது, பக்கத்தில் இருக்கிற பொருளின் சத்தமோ ஈரமோ தெரிகிறது, இன்னொருவரிடம் கேட்கிறான், வந்துவிட்டது என்று நினைத்தால் வேறு ஏதோ வருகிறது, கடைசியில் எப்படி நிற்கிறான். ஒவ்வோர் அடிக்கும் ஒரு சின்னப் படம் போட்டுவிட்டால், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையும் பின்தொடரலாம்.

இங்கேயே நிறுத்தினால் வகுப்பு முழுக்க நண்டுக் கூடைக் கதையாகவே வரும். அதனால் அதே வகுப்பில் இரண்டாவது மாதிரி ஒன்றையும் வாசியுங்கள். உத்தி அதேதான், ஆள், இடம், பொருள் மூன்றும் வேறு. கீழக்கரையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள் (அங்கே வாப்பா என்றால் அப்பா, லாத்தா என்றால் அக்கா). “வாப்பா இன்னும் கூப்பிடவில்லை. ஆயிஷா செல்போனின் சார்ஜர் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். திரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். ‘தொட்டுக்கிட்டே இருந்தா வாப்பா வெரசாக் கூப்பிட்டுருவாகளா?’ என்றாள் லாத்தா. போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். ஏதோ ரீசார்ஜ் விளம்பரக் குரல். ஆயிஷா போனைக் கீழே வைக்கவில்லை.” இப்போது ‘இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது என்ன?’ என்று கேளுங்கள். நண்டும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அப்படியானால் மிஞ்சுவது அந்த ஆறு அடிதான் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். கதையின் பொருளிலிருந்து கதையின் எலும்பைப் பிரிக்க ஒரு மாதிரி போதாது, இரண்டு வேண்டும். ஒரே அமைப்புள்ள இரண்டு கதைகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அந்த அமைப்பை வேறோர் இடத்தில் எளிதாகப் பயன்படுத்தினார்கள் என்று கிக், ஹோலியோக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1983-ல் காட்டியிருக்கிறார்கள். அது கல்லூரி மாணவர்களிடம், புதிர் விடுவிப்பதில் செய்த சோதனை. பிள்ளைகளின் கதை எழுத்துக்கு அதுவே நிரூபணம் ஆகாது. ஆனால் வகுப்பில் நடப்பதோடு நன்றாக ஒத்துப்போகிறது.

நேரக் கணக்கு இப்படி வைக்கலாம். 40 நிமிடப் பாடவேளை ஆறு, வாரத்துக்கு மூன்றாக இரண்டு வாரம். முதல் வேளையில் தாளோ சார்ட்டோ எதையும் காட்டாதீர்கள். நீங்கள் இரண்டு முறை சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். மூன்றாவது முறை கூடவே சொல்லட்டும், கையால் செய்துகாட்டட்டும்: கூடையை வைப்பது, சாக்கைப் பிழிவது, நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது. பிறகு இருவர் இருவராக ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்க்கட்டும். இரண்டாம் வேளையில் சார்ட்டைத் தொங்கவிட்டு மேலே சொன்னபடி ஆறு அடியைப் பிரிப்பது, இரண்டாவது மாதிரியை வாசிப்பது.

மூன்றாம் வேளை சேர்ந்து எழுதுவது. அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான், ஆனால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. கேட்கிற பிள்ளைக்கு ‘எழுத்து’ என்றால் முடிந்துபோன ஒன்று. அது எப்படித் தடுமாறித் தடுமாறி உருவாகிறது என்று அவர்கள் பார்த்ததே இல்லை. சத்துணவு வரிசையில் நிற்கிற பையன் என்று வகுப்பு முடிவு செய்கிறது என்று வையுங்கள். ஒரு பிள்ளை ‘அவனுக்கு ரொம்பப் பசி’ என்று சொல்லும். ‘பசின்னு சொல்லக் கூடாது. கையி என்ன செஞ்சுச்சு?’ என்று கேளுங்கள். ‘தட்டத் தட்டிக்கிட்டே இருந்தான் சார்.’ சரி, பலகையில் ‘தட்டைத் தட்டிக்கொண்டே இருந்தான்’ என்று எழுதுங்கள். எழுதிவிட்டு நில்லுங்கள். ‘இது எல்லாரும் செய்யறதுதானே, இவன் மட்டும் செய்யறது ஏதாவது இருக்கா?’ இன்னொரு பிள்ளை, ‘கழுவுன தட்டயே திரும்பக் கழுவுனான்’ என்று சொல்லும். உடனே முதல் வரியை அடித்துவிட்டு ‘கழுவிய தட்டை மறுபடியும் கழுவினான்’ என்று எழுதுங்கள். அடித்ததை அழிக்க வேண்டாம், பலகையில் கிடக்கட்டும். வாக்கியத்தை அடிக்கலாம், மாற்றலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்பதை அந்த அடித்தல்தான் காட்டுகிறது. எட்டு வாக்கியம் வந்தால் போதும். நேரம் முடிந்தால் பாதியில் நிறுத்தலாம். முழுமையாக முடிப்பது இங்கே நோக்கம் இல்லை.

நான்காம் வேளையில் தனியாக எழுதுவது. இப்போது இரண்டு மாதிரியும் கண்ணில் படக் கூடாது. சார்ட்டைச் சுருட்டி அலமாரியில் வையுங்கள், சேர்ந்து எழுதியதைப் பலகையிலிருந்து அழித்துவிடுங்கள். ஆறு அடிப் படம் மட்டும் இருக்கட்டும். மாதிரி முன்னால் கிடந்தால் எந்தக் கையும் அதைப் பார்த்துத்தான் எழுதும். முதல் 10 நிமிடம் பக்கத்துப் பிள்ளையிடம் வாயால் சொல்லிப் பார்ப்பது: நான் எதற்குக் காத்திருக்கிற ஆளை எழுதப்போகிறேன், அது வராதபோது என்ன வந்து ஏமாற்றும். அடுத்த 20 நிமிடம் எழுத்து. எழுதும் முன் இலக்கைத் தெளிவாகச் சொல்லுங்கள்: ‘குறைந்தது இரண்டு இடத்தில் கையோ காலோ கண்ணோ செய்வதை எழுத வேண்டும். கவலை, பயம், சந்தோஷம், சோகம் என்ற நாலு சொல்லும் வரக் கூடாது. எட்டிலிருந்து பன்னிரண்டு வாக்கியம்.’ ‘நல்லா எழுதுங்க’ என்று சொல்வதைவிட இது பிள்ளைக்குப் பிடிமானம் தரும். தான் செய்துவிட்டோமா என்று தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். மழைக்குக் காத்திருக்கிற கண்மாய்க்கரைச் சிறுவன், பாசி எடுக்கப் போன அம்மாவுக்காகக் கரையில் நிற்கிற பெண், களத்தில் மிளகாய் காயக் காத்திருப்பவர், பதநீர் இறங்கக் காத்திருக்கும் பேரன், இப்படி ஊருக்குள்ளேயே எத்தனையோ இருக்கிறது. பட்டியலை நீங்கள் கொடுத்துவிடாதீர்கள். யாரும் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் மட்டும் ஒன்றிரண்டைச் சொல்லுங்கள்.

ஐந்தாம் வேளையில் திருத்துவது. எல்லாவற்றையும் திருத்த வேண்டாம், இரண்டே இரண்டு. ஒன்று, உத்தி சம்பந்தப்பட்டது: உணர்ச்சியைப் பெயர் சொல்லிவிட்ட ஒரு வரியைக் கண்டுபிடித்துச் செயலாக மாற்றுவது. இரண்டு, வாக்கியங்களைச் சேர்ப்பது. இந்த வயதுப் பிள்ளைகள் ‘முத்து வந்தான். அப்புறம் கூடையைத் தூக்கினான். அப்புறம் நிழலில் வைத்தான்’ என்று அப்புறத்தால் கோத்துக்கொண்டே போவார்கள். ‘தூக்கி நிழலில் வைத்தான்’ என்று எச்சத்தால் சேர்ப்பது தமிழ் இயல்பாகச் செய்கிற வேலை, அவர்கள் பேசும்போது தினமும் செய்கிறார்கள். எழுத்திலும் செய்யலாம் என்று காட்டினால் போதும். ஓர் எச்சரிக்கை: ருசி கண்டுவிட்டால் ‘வந்து, பார்த்து, தூக்கி, வைத்து, எடுத்து’ என்று ஒரே வாக்கியத்தில் ஐந்தாறு எச்சம் போடுவார்கள். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு என்று வரம்பு வையுங்கள். ஆறாம் வேளையில் சத்தமாக வாசிப்பதும், நல்லபடியாகத் திருத்தி எழுதுவதும்.

இனி எங்கே சறுக்கும் என்று சொல்கிறேன். பெயரை மட்டும் மாற்றுவது முதல் தடவை கட்டாயம் வரும், பதறாதீர்கள். முத்து ராஜாவாகவும் நண்டு மீனாகவும் மாறியிருக்கும். அந்தப் பிள்ளை வாக்கிய ஓட்டத்தைக் கையால் ஒருமுறை எழுதிப் பார்த்திருக்கிறது, அதற்கும் பயன் உண்டு. அதைக் கண்டித்துவிட்டால் அடுத்த முறை நாலு வரிக்குத் திரும்பிவிடும். ‘இடம், காத்திருக்கிற பொருள், ஏமாற்ற வருவது, மூன்றும் மாற வேண்டும்’ என்று அடுத்த சுற்றில் விதி வையுங்கள். ஏமாற்ற வருவது மாறினால் மற்றதெல்லாம் தானாக இழுபட்டு மாறும். பஸ்ஸுக்குப் பதில் தண்ணீர் லாரி வரலாம், வராத மழைக்குப் பதில் லாரி வர முடியாது.

அடுத்தது நீதி. கதை எவ்வளவு நன்றாக வந்தாலும் கடைசியில் ‘இதிலிருந்து நாம் அறிவது பொறுமை வேண்டும்’ என்று ஒரு வரி ஒட்டிக்கொள்ளும். சில பிள்ளைகள் கதைக்கே முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போடுவார்கள். கட்டுரை எழுதப் பழக்கியதன் விளைவு அது. தேர்வுக் கட்டுரைக்கு அது வேண்டியதுதான், அங்கே குறை சொல்ல வேண்டாம். இங்கே மட்டும், ‘முத்து கடைசியில் எப்படி நின்றான்? அதோடு நிறுத்தினால் கேட்கிறவருக்குப் புரியாதா?’ என்று கேட்டு, அந்தக் கடைசி வரியை விரலால் மறைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் காதுக்கே வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, நாமே செய்கிற தவறு: எழுதும் முன் பலகையில் அழகுச் சொற்களை வரிசையாக எழுதிப் போடுவது. ‘நீலக்கடல், இனிய தென்றல், பொன்னிறக் கதிரவன்’ என்று போட்டுவிட்டால் அத்தனையும் எல்லாக் கதையிலும் வந்து உட்காரும். பாக் நீரிணைக் கரையில் வளர்கிற பிள்ளைக்குக் காற்று என்றால் கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று தெரியும். எந்தக் காற்றில் வலை விடலாம், எதில் கரையில் கிடக்க வேண்டும் என்றும் வீட்டில் கேட்டிருக்கும். அந்தப் பிள்ளை நோட்டில் தென்றல் என்று எழுதினால், வீட்டுச் சொல் பள்ளிக்கு ஆகாது என்று நினைக்கிறது என்று பொருள். வல்லம், வத்தை என்ற படகுப் பெயர்கள், காரல், நகரை என்ற மீன் பெயர்கள், வெஞ்சனம், கஞ்சிப்பாசி, இவையெல்லாம் கதையில் வரலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பேச்சுக்கும் எழுத்துக்கும் ஒரு சுலபமான வரம்பு உண்டு: கதை சொல்கிற வாக்கியம் எழுத்துத் தமிழில், மேற்கோள் குறிக்குள் வருகிற பேச்சு வீட்டில் பேசுகிறபடி. ‘அப்பா வந்தாக’ என்று ஒரு பாத்திரம் பேசினால் அதைத் திருத்தாதீர்கள். குறிக்கு வெளியே வந்தால் மட்டும் திருத்துங்கள்.

எழுத்துப் பிழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். லகர ளகர ழகரம், ரகர றகரம், நகர னகர ணகரம், இவற்றில் பிழை வரத்தான் செய்யும். முதல் முறை எழுதியதில் சிவப்பு மையால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டால் பிள்ளை அடுத்த தடவை பிழை வராத சொல்லாகத் தேடி எழுதும். ‘பிழிந்து’ என்று எழுத வந்த பிள்ளை ழகரத்துக்குப் பயந்து ‘எடுத்து’ என்று எழுதிவிட்டுப் போகும். போனது ஒரு நல்ல வினைச்சொல். முதல் முறை எழுதியதில் பென்சிலால் அடிக்கோடு மட்டும் போட்டு, ஆறாம் வேளையில் திருத்தி எழுதும்போது சரிசெய்யச் சொல்லுங்கள். அதிலும் ஒரு பிள்ளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம்.

இந்தக் கரைக்கென்றே ஒரு கவனம் தேவைப்படுகிறது. மாதிரியில் நான் படகுக்குக் காத்திருப்பதை வேண்டுமென்றே எழுதவில்லை. உங்கள் வகுப்பில் கடலுக்குப் போன அப்பா திரும்பாத பிள்ளை இருக்கலாம். எல்லை தாண்டினார் என்று இலங்கைக் கடற்படை பிடித்துப்போய் வீட்டார் காத்திருக்கிற பிள்ளையும் இருக்கலாம். ‘காத்திருப்பு’ என்றதும் அந்தப் பிள்ளை எதை நினைக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். தானாக எழுதினால் எழுதட்டும், அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள், உத்தி எப்படி வந்திருக்கிறது என்று மதிப்பிடவும் வேண்டாம். தனியே கூப்பிட்டு எழுதியதைப் பற்றிப் பேசுங்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாளில் வீட்டில் கையில் காசு இருக்காது, பள்ளி திறக்கிற நேரமும் அதுதான். ‘விடுமுறையில் என்ன வாங்கினாய், எங்கே போனாய்’ என்ற தலைப்பை அப்போது தவிர்ப்பது நல்லது. அதே போல, புயல் என்று தலைப்புக் கொடுத்தால் எல்லாரும் 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததையே எழுதுவார்கள். கேட்டுக் கேட்டு ஏறிய கதை, அதில் தாங்கள் பார்த்தது ஒன்றும் இருக்காது. தொடக்கத்தில் வேண்டாம். வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளை, வியாபாரம் செய்கிற வீட்டுப் பிள்ளை, உப்பளத்து வேலை, பனைத் தொழில், விவசாயம் என்று எல்லாரும் இருப்பார்கள் என்பதால், ஆறு உத்திக்கான மாதிரிகளையும் ஒரே தெருவிலிருந்து எடுக்காதீர்கள்.

இந்த முறை எட்டாத பிள்ளைகளும் உண்டு. 5-ம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிற பிள்ளைக்கு, எழுத்தை நினைவில் வைப்பதிலேயே முழுச் சக்தியும் போய்விடும். கதை யோசிக்க மிச்சம் இருக்காது. அதற்கு மாதிரி மருந்து ஆகாது, வாசிக்கவும் எழுதவும் வைக்கிற தனிப் பயிற்சி வேண்டும். ஆனால் முதல் மூன்று வேளையில் அந்தப் பிள்ளையும் முழுதாகக் கலந்துகொள்ளலாம். நான்காம் வேளையில் அது வாயால் சொல்ல, பக்கத்துப் பிள்ளை எழுதித் தரட்டும். பிறகு அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் தன் கையால் பார்த்து எழுதட்டும். 4-ம், 5-ம் வகுப்பை ஒன்றாக வைத்து எடுக்க நேர்ந்தால் மாதிரியும் சேர்ந்து எழுதுவதும் பொதுவாக இருக்கட்டும். 4-ம் வகுப்புக்கு ஆறில் மூன்று அடி போதும். பாட்டு எழுத வைக்க மட்டும் இந்த ஆறடிக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள். மீனவர்கள் வேலை செய்துகொண்டே பாடும் அம்பாப் பாட்டின் தாளத்தை முதலில் பாடவும் தட்டவும் வைத்து, பிறகு வரியை மாற்றச் சொல்வதுதான் அங்கே எடுபடும்.

மாதிரிக்கு எங்கே போவது? பாடநூலின் துணைப்பாடக் கதைகளில் ஒரு பத்தியை மட்டும் வெட்டி எடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று தரம் பிரித்து வந்திருக்கின்றன. அவற்றிலும், 4, 5-ம் வகுப்புக்கான ஊஞ்சல் இதழிலும் சின்னத் துண்டுகள் கிடைக்கும். ஆனாலும் நீங்களே எழுதுவதுதான் நல்லது என்பேன், ஏனென்றால் உங்களுக்கு வேண்டிய உத்தி ஒன்று மட்டும் துலங்குகிற பத்தி வெளியே அபூர்வமாகத்தான் கிடைக்கும். இலக்கியம் ஆக வேண்டியதில்லை. உத்தியை முடிவு செய்துவிட்டு, 12 சின்ன வாக்கியம் எழுதி, சத்தமாக வாசித்து, தேவையில்லாத அடைமொழியை எடுத்துவிட்டால் முடிந்தது. அடுத்த வருடத்துக்கு இந்த வருடப் பிள்ளைகள் எழுதியதே மாதிரி ஆகும். அதுதான் இருப்பதிலேயே நல்ல மாதிரி என்பது என் கணிப்பு: எட்டும் உயரத்தில் இருக்கிறது, நம்மைப் போன்ற ஒரு பிள்ளை எழுதியது என்று வகுப்புக்குத் தெரிகிறது. எழுதிய பிள்ளையிடம் கேட்டுவிட்டு, பெயரை எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மாதிரியை எப்போது நிறுத்துவது என்றும் கேட்டிருந்தீர்கள். வருடம் முடிந்துவிட்டது என்பதற்காக நிறுத்த வேண்டாம், பிள்ளையைப் பார்த்து நிறுத்துங்கள். ஆறு அடியில் ஒன்றைத் தானாக விட்டுவிட்டோ, வரிசையைப் புரட்டிப் போட்டோ எழுதி, கதையும் குலையாமல் வந்திருந்தால் அந்த உத்தி அந்தப் பிள்ளைக்குக் கைவந்துவிட்டது. சொல்லாமலேயே வேறொரு கதையில், வேறொரு தலைப்பில் அந்த உத்தி தலைகாட்டினாலும் அப்படித்தான். அந்தப் பிள்ளைக்கு அடுத்த தடவை மாதிரி கொடுக்காமல் தலைப்பு மட்டும் கொடுங்கள், இரண்டு வாரத்துக்குப் பதில் இரண்டே வேளை கொடுங்கள். மற்றவர்கள் மாதிரியோடு போகட்டும். ஒரே வகுப்பில் இரண்டும் நடப்பதில் தவறில்லை. மூன்றாம் பருவத்தில் எல்லாருக்கும் ஒருமுறையாவது மாதிரி இல்லாமல் எழுத வாய்ப்புக் கொடுத்து, ஜூன் மாதத்து நோட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: எத்தனை வரி என்று எண்ண வேண்டாம், ‘அப்புறம்’ எத்தனை குறைந்திருக்கிறது, கை கால் செய்வது எத்தனை வரியில் வந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.